12 வருஷம் தூங்கின சட்டமும் எங்க ஊர்க் கல்லும்

காப்பிச் செடி நட்டால் நாலாவது வருஷம் பழம் பறிக்கலாம். ஒட்டுப் பலா அஞ்சாறு வருஷத்தில் காய்க்கும். மிளகுக் கொடி ஏத்தறதுக்கு வச்ச சில்வர் ஓக், 12 வருஷம் ஆனா வியாபாரி வந்து விலை பேசுற அளவுக்குப் பருத்துடும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்துக்கும் அதே 12 வருஷம் ஆச்சு. 2012ல் சட்டசபையில் நிறைவேத்தினாங்க. 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்துச்சு. நடுவுல ஆட்சி மாறுச்சு, முதலமைச்சர்கள் மாறினாங்க, சட்டம் மட்டும் அலமாரியை விட்டு இறங்கலை. அதுக்குள்ள நான் ஒரு ஈடு மரம் வெட்டி வித்து, மறுபடி கன்னும் வச்சுட்டேன்.

பழைய கட்டடம், கோவில், சின்னம் எதுவானாலும் அடையாளம் கண்டு, பட்டியல் போட்டு, கண்டபடி இடிக்காம மாத்தாம பார்த்துக்கிறதுக்கு ஒரு ஆணையம் வேணும். அதுக்குத்தான் இந்தச் சட்டம். நல்ல விஷயம். வேண்டாம்னு யாரும் சொல்லப் போறதில்லை. ஆனா இந்த ஆணையம் சென்னையில உக்காந்துக்கிட்டு எங்க மலையைக் காப்பாத்திடும்னு நகரத்து நண்பர்கள் நம்பினா, அந்த நம்பிக்கையை இன்னிக்குக் கொஞ்சம் கலைச்சு விடணும்னு தோணுது.

எங்க ஊர்ப் பிள்ளையார் மேடையைப் பத்திச் சொல்றேன். நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, நடுவுல மண் நிரப்பின மேடை. கல்லுல ஒண்ணுல எழுத்து இருந்துச்சு. மேல பிள்ளையார், அவர் பக்கத்துல கை அளவுக்கு வழவழன்னு ரெண்டு கல். இடி விழுந்தப்போ வானத்துல இருந்து வந்த கல்லுனு பாட்டிங்க சொல்லுவாங்க. குங்குமம் வச்சுக் கும்பிடுவோம். அது இடிக்கல் இல்லை, புதிய கற்கால மனுஷன் தீட்டின கோடரின்னு பிற்பாடு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பக்கத்துச் சேர்வராயன் மலையில இதே மாதிரி கோவில்கள்ல கும்பிட்டுக்கிட்டிருந்த கற்கோடரிகளை ராபர்ட் புரூஸ் ஃபுட் 19ஆம் நூற்றாண்டுலயே பார்த்து எழுதியிருக்கார். அவர் சேகரிச்சதெல்லாம் 1904ல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போச்சு. வெள்ளைக்காரர் எடுத்துட்டுப் போனது கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. எங்க ஊர்ல நாங்களே கும்பிட்டுக்கிட்டிருந்தது காணாமப் போச்சு.

எப்படிப் போச்சு? யாரும் திருடலை. கும்பாபிஷேகம் பண்ணினோம். வெளியூர்ல சம்பாதிச்ச பிள்ளைங்க பணம் போட்டாங்க, பக்தியோடதான் போட்டாங்க. ஒப்பந்தக்காரர் ஒரே நாள்ல மேடையைப் பேர்த்தார். சிமெண்ட்ல புது மேடை, மேல பளபளன்னு டைல்ஸ், சுத்தி இரும்புக் கம்பி. நானும் இன்னும் ரெண்டு பேரும் கல்லை ஓரமா வையுங்கன்னு சொல்லிப் பார்த்தோம். "சாமி இருக்குல்ல, கல்லு என்ன கல்லு"ன்னு பதில் வந்துச்சு. எழுத்து இருந்த பலகைக் கல் இப்போ குழாயடியில குப்புறக் கிடக்கு, அதுமேல நின்னுதான் குடம் பிடிக்கறோம். கோடரி ரெண்டும் இடிபாட்டோட அள்ளி எங்கேயோ பள்ளத்துல கொட்டின மண்ணுக்குள்ள போயிருக்கும்.

ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து இன்னொரு அலுவலகம் காட்டினாங்க. ரெண்டு இடத்திலும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "பட்டியல்ல இருக்கா?" மத்தியத் தொல்லியல் துறை 1958ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கற சின்னங்களுக்கு ஒரு பட்டியல். மாநிலத் தொல்லியல் துறை 1966ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கறதுக்கு ஒரு பட்டியல். அறநிலையத் துறைக் கோவில்களுக்கு ஒரு பட்டியல். எங்க பிள்ளையார் மேடை மூணுலயும் இல்லை. பட்டியல்ல இல்லாத கல்லு வெறும் கல்லு. அதை உடைச்சா ஜல்லி.

பட்டியலை யார் போடறாங்க என்பதுதான் இந்த விவகாரத்தோட அடிவேர்.

சென்னைக் கதையைப் பாருங்க. அண்ணா சாலையில 1897ல் கட்டின பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல் இடிக்க ஆரம்பிச்சாங்க. இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடுத்துச்சு. 2010ல் வந்த தீர்ப்பு இடிக்கக் கூடாதுன்னு சொன்னதோட, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு குழு வேணும்னும் சொல்லுச்சு. அப்போ கையில இருந்த பட்டியல் எது தெரியுமா? நீதிபதி பத்மநாபன் குழு கொடுத்த 467 கட்டடங்கள். அந்தக் குழு முதல்ல உக்காந்ததே விளம்பரப் பலகை வழக்குக்காக. எந்தெந்தக் கட்டடத்தைப் பலகை மறைக்கக் கூடாதுன்னு எழுதப் போய், ஒரு மாநகரத்துக்குப் பாரம்பரியப் பட்டியல் கிடைச்சுது! இருக்கட்டும், ஏதோ ஒரு வழியில வந்துச்சே. கொல்லிமலையில மறைக்கறதுக்கு அப்படி விளம்பரப் பலகையும் இல்லை, அதனால பட்டியலும் இல்லை.

அடுத்தது 2021 ஜூன். ஒரு பத்திரிகையில வந்த வாசகர் கடிதத்தை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கா எடுத்து, 75 உத்தரவுகள் போட்டுச்சு. அதுல முக்கியமானது 17 பேர் கொண்ட பாரம்பரிய ஆணையம். தொல்லியல் துறை, பொதுப்பணித் துறைப் பொறியாளர், ஸ்தபதி, வரலாற்று ஆய்வாளர், ஆகமம் தெரிஞ்சவர்னு பெரிய பெரிய வல்லுநர்கள். அந்த வரிசையை ரெண்டு தடவை படிச்சேன். கல்லு எந்த ஊர்ல கிடக்கோ அந்த ஊர்க்காரனுக்குன்னு ஒரு நாற்காலி கண்ணுல படலை.

இதெல்லாம் நடக்காத காரியம்னு சொல்றவங்களுக்கு நியூயார்க்கைக் காட்டலாம். 1963ல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிச்சதும் அந்த ஊர் ஜனங்களுக்கு நெஞ்சு பதறிப் போச்சு. 1965ல் சட்டம் போட்டு ஆணையம் அமைச்சாங்க. ரெண்டு வருஷம், 12 இல்லை. ஆணையத்துல 11 பேர். மூணு கட்டடக் கலைஞர், ஒரு வரலாற்றாளர் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. நிலம் வீடு வாங்கி விக்கிற தொழில்காரர் ஒருத்தரும் இருக்கணும். அதோட, நகரத்தோட அஞ்சு பகுதியிலும் குடியிருக்கற ஆள் குறைஞ்சது ஒருத்தராவது உள்ள இருக்கணும்னும் சேர்த்து எழுதியிருக்காங்க. ஒரு கட்டடத்தைப் பட்டியல்ல சேர்க்கறதுக்கு முன்னாடி பொது விசாரணை வைக்கணும், யார் வேணா வந்து பேசலாம். வானளாவக் கட்டடம் கட்டற ஊர்க்காரங்களுக்கே பகுதிக்கு ஒரு ஆள் வேணும்னு தோணியிருக்கு. எங்க மலையில வளவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடுன்னு 14 நாடு உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஊர்க்கவுண்டர் உண்டு, வழக்கு பேசற இடம் உண்டு, எந்தக் கல்லை எவன் நட்டான்னு சொல்லத் தெரிஞ்ச கிழவி உண்டு. கேக்கத்தான் யாரும் வரலை.

வர்றவங்க எதைப் பார்க்க வர்றாங்க? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அப்புறம் அறப்பளீஸ்வரர். தேவாரத்துல பேர் வர்ற வைப்புத் தலம், சோழர் கல்வெட்டு இருக்கற கோவில், அதுக்கு அறநிலையத் துறை இருக்கு. செம்மேட்டுல வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கு, வருஷா வருஷம் ஆடியில அரசு விழா இருக்கு, மேடை, பந்தல், மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு. ஓரியைத் திருமுடிக்காரி கொன்னு, மலையைச் சேரனுக்குக் கொடுத்த கதை சங்கப் பாட்டுல இருக்குன்னு மேடையில பேசுவாங்க, நாங்களும் கை தட்டுவோம். எனக்கு விழா மேல கோபம் இல்லை. ஒரு நாள் பந்தல் செலவுல மலை முழுக்க இருக்கற எழுத்துக் கல்லுக்கெல்லாம் மைப்படி எடுத்துடலாமேன்னுதான் பந்தல்ல உக்காந்திருக்கும்போது மனசு கணக்குப் போடும்.

அறநிலையத் துறைகிட்ட இருந்தா மட்டும் பத்திரமான்னு கேட்டா, அதுவும் யார் கையில வேலை விழுதுங்கறதைப் பொறுத்தது. 2017ல் யுனெஸ்கோ நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கோவில்கள்ல நடந்த திருப்பணியைப் பார்த்துட்டு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை, மரபு தெரிஞ்ச ஆள் இல்லாம பழைய சன்னதிகளையே பேர்த்துட்டாங்கன்னு கடுமையா குத்தம் சொல்லுச்சு. அதே 2017ல் ஸ்ரீரங்கம் கோவில் திருப்பணிக்கு யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருது கிடைச்சுது. ஒரே துறை, ஒரே வருஷம். ஸ்ரீரங்கத்துல தேவையில்லாத கட்டுமானத்தை அகற்றி, தண்ணி போற பழைய வழியைத் திறந்து, சுண்ணாம்புல பூசினாங்க. மத்த இடத்துல மணலைக் காத்துல அடிச்சுக் கல்லோட தோலை உரிச்சு, மேல பெயின்ட் அடிச்சாங்க. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவர் பொரிஞ்சு கொட்டும். இது எங்க தாத்தா காலத்துக் கொத்தனாருக்குத் தெரியும். சுண்ணாம்புல கலக்கற கடுக்காய் எங்க மலைக்காட்டுல விளையுறது. காய் இங்கிருந்து போகுது, அதைக் கரைச்சுப் பூசத் தெரிஞ்ச கைதான் இங்க இல்லாமப் போச்சு.

இப்போ நகரத்து நண்பர்களோட ஒரு வழக்கு. கோவிச்சுக்காதீங்க.

மலைக்கு வந்தா எல்லாரும் தேடறது புல் வேய்ஞ்ச மண் வீடு. கிடைச்சா நிக்க வச்சுப் படம் எடுக்கறீங்க. கிடைக்கலைன்னா, "ஏங்க எல்லாரும் தார்சு வீடு கட்டிட்டீங்க, பாரம்பரியம் போச்சே"ன்னு வருத்தப்படறீங்க. புல் கூரை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். புல் அறுக்கக் காட்டுக்குள்ள போகணும், காட்டுக்குள்ள போக வனத்துறை விடணும். சுவரை மழைக்காலம் முடிஞ்சதும் பூசணும், தரையை வாரா வாரம் மெழுகணும். ரெண்டும் பொம்பளைங்க தலையில. கூரைக்குள்ள பாம்பு குடியிருக்கும். இந்தச் சுமையை விட்டு ஒரு குடும்பம் 360 சதுர அடி கான்கிரீட் வீட்டுக்குப் போனா அதுல என்ன குத்தம்? 2024ல் வந்த கனவு இல்லத் திட்டத்துல வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கறாங்க. மண் வீட்டைப் பழுது பார்த்து வச்சுக்கறவனுக்கு எவ்வளவு? ஒரு ரூபாய் கொடுக்கறதா நான் கேள்விப்பட்டதில்லை. குடிசை இல்லாத தமிழ்நாடுன்னு ஒரு கை சொல்லுது. பாரம்பரியத்தைக் காப்பாத்துன்னு இன்னொரு கை சொல்லுது. ரெண்டு கையும் ஒரே அரசாங்கத்தோடது. இதுக்கு நடுவுல, மலையேறி வர்றவங்க ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல கொடுத்து, புதுசாக் கட்டின மண் குடிலில் தங்கறாங்க, உள்ள ஏசி போட்டுக்கிட்டு!

சாமைக்கு நடந்ததைச் சொன்னா நான் சொல்ல வர்றது புரியும். ஒரு காலத்துல மலை முழுக்க சாமை, தினை, கேழ்வரகுதான். குச்சிக்கிழங்கு வந்துச்சு, கீழ சேகோ ஆலைகள் வாங்கிக்கிச்சு, கையில காசு வந்துச்சு, சாமை ஒதுங்கிப் போச்சு. விதையைக் காப்பாத்துங்கன்னு பேசினா மட்டும் ஒண்ணும் நடந்திருக்காது. சாமையை உரல்ல குத்தி உமி நீக்கறது முதுகு ஒடியற வேலை, அதனால வீட்டுப் பொம்பளைங்களே "போதும் சாமி"ன்னு விட்டிருந்தாங்க. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்க வேலை செஞ்சப்போ, விதையோட அரவை இயந்திரத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தாங்க. குழு அமைச்சு விக்கவும் வழி பண்ணினாங்க. பாரம் குறைஞ்ச பிறகுதான் சாமை திரும்ப அடுப்புக்கு வந்துச்சு. கட்டடத்துக்கும் இதே கணக்குத்தான். பாரத்தை வீட்டுக்காரன் தலையில வச்சுட்டு, பெருமையை மட்டும் ஊருக்குப் பங்கு போட்டா வீடு நிக்காது. செட்டிநாட்டைப் பாருங்க. ஒரு வீட்டுக்கு எத்தனையோ வாரிசு, பூட்டின வீடு, ஒழுகற ஓடு. கடைசியில பர்மா தேக்குத் தூண் காரைக்குடிப் பழம்பொருள் கடையில நிக்குது. அகமதாபாத்துல, பழைய தெருக்கள்ல பாரம்பரிய வீடு வச்சிருக்கறவன் மேல கட்ட முடியாத இடத்தோட உரிமையை வேற இடத்துல கட்டறவனுக்கு வித்து, அந்தப் பணத்துல வீட்டைச் சரி பண்ணிக்கலாம். எங்க மலையில மாடி உரிமையை வாங்க யார் வரப் போறா? எங்களுக்கு வேண்டியது வருஷா வருஷம் கூரைக்கும் பூச்சுக்கும் ஒரு தொகை, புல் அறுக்க ஒரு அனுமதிச் சீட்டு. அவ்வளவுதான்.

அரசாங்கமே வச்சிருந்தா நிக்கும்னு நினைக்கறவங்க புதுச்சேரி போய்க் கேளுங்க. கடற்கரையில மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டு நகராட்சி மன்றம், அரசாங்கச் சொத்து. எல்லாரும் எச்சரிச்சுக்கிட்டே இருந்தாங்க. 2014 நவம்பர் மழையில பொலபொலன்னு விழுந்துச்சு. அப்புறம் உலக வங்கிப் பணத்துல அதே மாதிரி புதுசாக் கட்டினாங்க.

ஊர்க்காரன் கையில கொடுத்தா என்ன ஆகும்? அரிட்டாபட்டி ஆகும். மதுரை பக்கத்துல அந்த ஊர் மலையில தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை எல்லாம் இருக்கு. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. சரியா ரெண்டு வருஷம் கழிச்சு 2024 நவம்பர்ல அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்துச்சு. அறிவிப்புப் பலகை எழுந்து போய் ஏலத்தைத் தடுக்கலை. கிராம சபையில தீர்மானம் போட்ட ஜனங்க தடுத்தாங்க, மதுரையை நோக்கி நடந்த ஆம்பளையும் பொம்பளையும் தடுத்தாங்க. டிசம்பர்ல சட்டசபை தீர்மானம் போட்டுச்சு. 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. பாக்சைட்டுக்காக வெட்டின பள்ளத்தை எங்க மலையிலும் பார்த்தவங்க நாங்க. அதனால அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எங்க டீக்கடையில ரொம்ப நேரம் அதுதான் பேச்சு.

"ஊர்க்காரன்தானே மேடையை இடிச்சான், அவன்கிட்டயே கொடுக்கச் சொல்றியே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இடிச்சவன் கெட்டவன் இல்லை, அந்தக் கல்லு என்னன்னு அவனுக்கு யாரும் வந்து சொன்னதில்லை. கல்வெட்டைப் படிச்சு, "இது உன் முப்பாட்டன் ஊருக்கு ஏரி வெட்டக் கொடுத்த தர்மம்"னு சொல்லிப் பாருங்க, எவனாவது அதுமேல குடம் வைப்பானா? வல்லுநர் வேண்டாம்னு நான் சொல்லலை. வல்லுநர் மலையேறி வந்து எங்களோட திண்ணையில உக்காரணும்னு சொல்றேன். எங்க பக்கமும் குறை இருக்கு. ஊர்க் கூட்டத்துல கவுண்டருங்க மட்டும் பேசறதும், பொம்பளைங்க தள்ளி நின்னு கேக்கறதும் இதுல உதவாது. எந்தக் கல்லுக்கு என்ன பேர்னு தெரிஞ்சவங்க தள்ளி நிக்கற அவங்கதான்.

இதுக்குச் சட்டத்துல இடம் இல்லாமலும் இல்லை. வன உரிமைச் சட்டம் 2006, 5ஆம் பிரிவைப் படிங்க. பழங்குடிகளோட பண்பாட்டு, இயற்கைப் பாரம்பரியத்தைப் பாதிக்கற எதுவும் அவங்க வாழிடத்துல நடக்காம பார்த்துக்கிற அதிகாரம் கிராம சபைக்கு இருக்கு. பட்டா கேட்டு அந்தச் சட்டத்தை எத்தனையோ பேர் புரட்டியிருக்கோம், இந்த வரியைத் தாண்டிப் போயிட்டோம். பாரம்பரிய ஆணையம் நிஜமாவே வேலை செய்யணும்னா, ஊர் ஊரா கிராம சபை கொடுக்கற பட்டியலை வாங்கிக்கணும். பட்டியல்ல வந்த இடத்துல திருப்பணி பண்றதுக்கு முன்னாடி ஒரு தொல்லியல் ஆளை அனுப்பணும். செலவுக்குப் பணம் ஒதுக்கணும். இல்லைன்னா சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதையா, அனுமதிச் சீட்டு கேக்க இன்னொரு ஜன்னல் திறந்த மாதிரிதான் முடியும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில வைக்கறதுக்கு ஒரு தீர்மானம் எழுதி வச்சிருக்கேன். எங்க ஊராட்சியில இருக்கற எழுத்துக் கல், நடுகல், பழைய மேடை, ஊர்க் கிணறு, மலையிறங்கற பழைய நடைபாதை, இன்னும் நிக்கற ஏழு மண் வீடு, ஒரு தொம்பை எல்லாம் அதுல வரிசையா இருக்கு. அந்த ஏழு வீட்டுக்காரங்ககிட்டயும் கேட்டேன். அஞ்சு பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் முடியாதுன்னாங்க. அந்த ரெண்டையும் அடிச்சுட்டேன். குழாயடிக் கல்லைத் திருப்பிப் போட நாலு ஆள் பேசியாச்சு. மைப்படி எடுக்கத் தெரிஞ்சவங்க உங்கள்ல யாராவது இருந்தா, அல்லது கல்வெட்டுப் படிக்கிற வாத்தியார் யாரையாவது தெரிஞ்சா, மழை பிடிக்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க. தங்க இடமும் சாமைச் சோறும் எங்க வீட்டுல. காகிதமும் மையும் நீங்க கொண்டு வரணும், அது இங்க கிடைக்காது.